அப்பா வந்துதான் வெட்டுவார்

எங்கள் அம்மாவின் கூறைச் சேலையில் பெற்றோல் மணக்கும். கலியாண வீடுகளுக்கு அதை உடுத்திக்கொண்டு போனால், பக்கத்தில் இருக்கும் பெண்கள் மூக்கைச் சுளித்து, மண்டபத்துக்குள் ஓட்டோ ஏதும் வந்துவிட்டதா என்று சுற்றிப் பார்ப்பார்கள். அம்மா ஒன்றும் தெரியாதவளைப் போலத் தலைப்பூவைச் சரிசெய்துகொள்வாள். காரணம் பெரிய இரகசியமல்ல. எங்கள் வீட்டில் பூட்டுள்ள அலுமாரி ஒன்றுதான். அதன் கீழ்த்தட்டில், கூறைச் சேலைக்கு நேர் கீழே, அப்பாவின் பழைய சாரம் ஒன்றில் சுற்றியபடி மரம் அறுக்கிற செயின்சோ ஒன்று படுத்திருந்தது.

அம்மா போய் ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. அலுமாரியைத் திறந்தால் இன்னும் அந்த மணம்தான் முதலில் வருகிறது. அப்பா இப்போது வீட்டோடு இருக்கிறார். காலமெல்லாம் வெளிநாட்டில் கிடந்தவர், அம்மா இல்லாத வீட்டுக்கு நிலையாக வந்து சேர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் செயின்சோவைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், ஸ்டார்ட் பண்ணி, சிறிது நேரம் ஓடவிட்டு, துடைத்துத் திரும்ப வைக்கிறார். குசினி யன்னலால் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு எட்டோ ஒன்பதோ வயதாயிருந்த அந்த மாரிகாலம் அப்போது அப்படியே நினைவுக்கு வரும். அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேனே என்று ஏக்கமாக இருக்கும்.

அப்பாவுக்குக் கட்டாரில் பெரிய கட்டடங்களின் குளிரூட்டிகளைப் பார்க்கும் வேலை. எங்கள் ஓர்ஸ் ஹில் ஒழுங்கையிலிருந்து வெளிநாடு போனவர்கள் வேறும் இருந்தார்கள். அவர்கள் லீவில் வந்தால் செண்டு, சொக்கலேற், கம்பளி, ரிவி என்று வந்து இறங்கும். அப்பா கப்பலில் போட்டுவிட்ட பெட்டியிலும் சொக்கலேற் இருந்தது. ஆனால் சொக்கலேற்றுக்கு நடுவில், அடிபடாமல் துவாய்களால் சுற்றி, செம்மஞ்சள் நிறத்தில் இதுவும் இருந்தது. வீட்டுப் பாவனைக்கென்று செய்த சின்ன மெசின். காட்டில் மரம் தறிக்கிறவர்கள் கண்டால் விளையாட்டுச் சாமான் என்று சிரித்திருப்பார்கள். அம்மா பெட்டியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் தையல் மெசின் எல்லோ கேட்டனான்" என்றாள்.

அப்பா மரம் வெட்டுகிற ஆளே இல்லை. முருங்கைக்காய் பறிக்கவே ஆள் பிடிப்பவர். கட்டாரில் அவர் தங்கியிருந்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு மரமும் கிடையாதாம். ஒருநாள் கடைக்கண்ணாடிக்குள்ளே இதைக் கண்டதும் எங்கள் வளவு முழுவதும் அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றதாம். அதற்குமேல் அவரால் அந்தக் கடையைத் தாண்டிப் போக ஏலாமல் போய்விட்டது. மரத்தின் நினைவு வந்தவர் மரம் வெட்டுகிற மெசினை ஏன் வாங்கவேண்டும் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

அந்த லீவில் பாதியை அந்த மெசினே தின்றுவிட்டது. செயின்சோ வைத்திருப்பதற்கு அனுமதி எடுக்கவேண்டும் என்று அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிசுக்குமாய் அலைந்தார். பிள்ளையின் பிறப்புப் பதிவுக்குக்கூட இந்த மனுசன் இவ்வளவு அலையவில்லை என்று அம்மா என்னைச் சாட்சிக்கு வைத்துச் சொன்னாள். அனுமதி கிடைத்த அன்று அப்பா நீளக்கைச் சேட்டும், மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றும், தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு பின்வளவில் இறங்கினார். பெற்றோலுக்குள் ஒயில் கலந்து ஊற்றினார். செயினுக்கு வேறு ஒயில். செயினை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்து, தொய்யவும் கூடாது இறுகவும் கூடாது என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். பிறகு கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், வேர்த்துக் கொட்டும்வரை இழுத்தார். சுவிச்சைப் போடவில்லை என்று கண்டுபிடித்தவள் அம்மா.

ஒருவழியாய் அது உறுமியதும் வளவில் கிடந்ததையெல்லாம் வெட்டினார். பட்டுப்போன முருங்கை, வேலிக்கட்டை, கால் முறிந்த ஒரு கதிரை. கடைசியாக, விழுந்து கிடந்த தென்னங்குற்றியை வெட்டினார். பாதி வெட்டில் குற்றி அமர்ந்து அலகைக் கவ்விக்கொண்டது. மெசினை முன்னேயும் இழுக்க ஏலாது, பின்னேயும் இழுக்க ஏலாது. அப்பா குசினிக்குள் ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டுக்குள் ஒரு ஆப்பை வைத்து ஓங்கி அடித்தார். அலகு வெளியே வந்தது. குழவியின் ஒரு முனையில் நகத்தளவு சில்லு தெறித்துப் போயிற்று.

"என்ர குழவியை முடமாக்கிப் போட்டியளே" என்று அம்மா அதைக் கையில் வாங்கித் தடவினாள். அதன் பிறகு சம்பலில் ஒரு சின்னக் கல் கடிபட்டாலும் அப்பாவின் பெயர்தான் வீட்டில் அடிபட்டது.

வளவில் வெட்டுவதற்கு மிச்சமிருந்தது வாகை மரம் ஒன்றுதான். நல்ல பெரிய மரம். அதன் ஒரு கொப்பு எங்கள் படுக்கையறைக்கு மேலேயும் மற்றக் கொப்பு மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ரீச்சரின் குசினிக்கு மேலேயும் போயின. வெயில் காலத்தில் அதன் காய்ந்த நெற்றுகள் காற்றுக்கு ஓயாமல் சலசலக்கும். கீழே விழுவதைத் தின்ன, நகரத்துக்குள்ளே திரிகிற மான்கள் எங்கள் படலைவரைக்கும் வரும். அப்பா மரத்தை அண்ணாந்து பார்த்தார். லீவு முடிய இரண்டு மூன்று நாள்தான் இருந்தது.

"இது அவசரப்பட்டு வெட்டுற சாமானில்லை. அடுத்த லீவிலை நான் வந்து இந்தக் கொப்பு ரெண்டையும் வெட்டுறன். வேறை ஆரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

பெரியவர்கள் சொல்லிவிட்டு மறக்கிற ஆயிரம் பேச்சில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். நான் இதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பாக்கள் லீவில் வருவதற்குக் காரணம் வேண்டும் என்பது என் எண்ணம். முன்வீட்டுப் பெண்ணின் அப்பா அக்காவின் கலியாணத்துக்கு வந்தார். ஒழுங்கை முடக்கில் இருந்தவர்களின் அப்பா வீடு கட்ட வந்தார். எங்கள் அப்பா வாகை மரம் வெட்ட வருவார். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புதுச் சடங்கு தொடங்கியது. மெசினைச் சும்மா வைத்தால் உள்ளுக்குள் அடைத்துப் பழுதாகிவிடும், கிழமைக்கு ஒருக்கால் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். அம்மா தலைமுழுகிய ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, அலுமாரியைத் திறந்து அதைத் தூக்கி வருவாள். நிலத்தில் வைத்து, பின்பிடிக்குள் காலை வைத்து அமத்தி, இடக்கையால் முன்பிடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுப்பாள். இரண்டாம் இழுவையில் அது ஸ்டார்ட்டாகிவிடும். நான் போனை அதற்குக் கிட்டவாகப் பிடிக்கவேண்டும். கட்டாரில் அப்பா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஓம், நல்லாய் வேலை செய்யுது. இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்பார்.

எனக்கு அந்த மெசின்மேல் பொறாமையாக இருக்கும். பரீட்சைப் புள்ளிகளைச் சொல்ல நான் வாயைத் திறந்தால் "கெட்டிக்காரி, அம்மாட்டைக் குடு" என்று முடிப்பவர், அதன் உறுமலை மட்டும் எவ்வளவு நேரமும் கேட்பார். அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் பேசுவது அதைவிடக் குறைவு. "சாப்பிட்டியளே", "ஓம், நீர்?" அவ்வளவுதான். அம்மா ஏங்குகிறவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். போனை வைத்ததும் கையில் பட்ட ஒயிலைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவிவிட்டு, மீன் வெட்டப் போய்விடுவாள். இந்த மனுசிக்கு அப்பாவின் நினைவே வராதா என்று நான் மனதுக்குள் கோபப்பட்டிருக்கிறேன்.

அடுத்த லீவு வந்தது, தள்ளிப்போனது. கொம்பனி புது வேலை எடுத்திருக்கிறதாம். பிறகு, பதிலாள் வரவில்லையாம். எங்கள் ஒழுங்கையின் மேட்டில் நின்றால் உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். பெட்டி கப்பலில்தானே வந்தது என்று, நங்கூரம் போட்டு நிற்கும் ஒவ்வொரு கப்பலையும் நான் எண்ணெய் கொதிக்கும் நேரத்துக்காவது நின்று பார்ப்பேன். ஆட்கள் விமானத்தில்தான் வருவார்கள் என்பது தெரியாமலில்லை. இருந்தாலும் பார்க்காமல் தாண்டிப் போக மனம் வராது.

அந்த மாரியில் காற்று பலமாக அடித்தது. ஒரு பின்னேரம் வாகையின் ஒரு சிறு கொப்பு முறிந்து ரீச்சரின் குசினிக் கூரையில் விழுந்து ஒரு அஸ்பெஸ்டஸ் சீற்றை உடைத்தது. ரீச்சர் கிண்ணியாவிலிருந்து எங்கள் பக்கம் வந்து குடியிருந்தவர். அம்மாவுக்கு மூத்தவர். எங்கள் குசினிக்கும் அவரது குசினிக்கும் இடையில் சாமான்கள் ஓயாமல் போய்வரும். அவர் வீட்டு விசேசங்களுக்கு மசாலா அரைக்க எங்கள் அம்மியைத்தான் தேடுவார். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

"நான் சண்டைக்கு வரல்ல புள்ள. சின்னக் கொப்பு விழுந்ததுக்கே சீற்று போயிட்டு. பெரிசு விழுந்தா எங்கட நிலைமை என்ன? ஏதாச்சும் செய்ங்க" என்றார்.

கொப்பு விழுந்த செய்தி எப்படியோ ஊருக்குள்ளும் போய்விட்டது. அடுத்த நாளே சாம்பல்தீவிலிருந்து சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவின் தம்பி. கடலுக்குப் போகிறவர். வரும்போது மீனும் கதையும் நிறையக் கொண்டு வருவார். செயின்சோ வந்த நாளிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு கண். அலுமாரிக்குப் பூட்டு இருந்ததற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

"அண்ணி, ஞாயிற்றுக்கிழமை மெசினைத் தாங்கோ. ரெண்டு கொப்பையும் இறக்கி, அரைவாசி மரத்தையும் விறகாக்கிப் போட்டுத்தான் போவன்" என்றார்.

அம்மா அன்றைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்பா ஒருபோதும் சம்மதிக்கமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆரும் கை வைக்கக் கூடாது என்றவர் அவர்.

"தம்பி வெட்டட்டும்" என்றார் அப்பா.

"நீங்கள் வந்து வெட்டுறன் எண்டனீங்கள்" என்றாள் அம்மா.

"லீவு தராயினம். நான் என்ன செய்யுறது? நான் வருமட்டும் கொப்பு காத்துக்கொண்டு நிக்குமே?"

அம்மா "ஓம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு வழக்கமான "சாப்பிட்டியளே". போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அன்றைக்குத் தேவைக்கு மிஞ்சிய வெங்காயம் உரித்தாள். நான் கிணற்றடிக்குப் போய் நின்று அழுதேன். மரத்துக்காக அழவில்லை. மரம் போனால் அப்பா வருவதற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணமும் மிஞ்சாது. என் வயதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆபத்து அதுதான்.

எங்கள் ஒழுங்கை பெரிய தெருவில் ஏறுகிற சந்தியில், மரத்தடியில் ஒரு வைரவர் சூலம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் முன்னால் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு நேர்த்தி வைத்தேன். மரத்தை வெட்டவிடாமல் பண்ணினால் வடைமாலை போடுவேன் என்றேன். வைரவருக்கு வடைமாலை என்றால் விருப்பம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வடையை யார் சுடுவது என்பதுதான் பிறகு யோசனையாகப் போயிற்று. சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன்.

"நேர்த்தி வைக்கேக்குள்ள என்னைக் கேட்டனீரே? எனக்கு இப்ப உழுந்து ஊறப்போட நேரமில்லை" என்றாள் அம்மா. பிறகு ஏதோ யோசித்தவள்போல, "என்னெண்டு கேட்டனீர்?" என்று திரும்பக் கேட்டாள். அப்பா வந்துதான் வெட்டவேண்டும் என்று கேட்டேன் என்றேன். அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு, தலையை வாரிவிடுகிறேன் வா என்றாள். தலை ஏற்கெனவே வாரித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிய, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் எழும்பினேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது சித்தப்பா அப்பாவின் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பின்வளவில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சோக்கை இழுத்துவிட்டபடியே கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்ததில் மெசின் பெற்றோலைக் குடித்து மூச்சு முட்டிப்போய்க் கிடந்தது. அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள். சோக்கைத் தள்ளி, காலை வைத்து அமத்தி, நாலைந்து இழுவை இழுத்தாள். அது இருமி இருமி உறுமியது. "இது இந்த வீட்டுக்குள்ள பழகினது, தம்பி" என்றாள்.

சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு வீரமாய் மரத்தடிக்குப் போனார். போனவர் நின்றார். மெசினையும் நிற்பாட்டினார். ஹெல்மெற்றைக் கழற்றி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

வாகையின் இரண்டு வேருக்கு நடுவில் ஒரு கல் நிமிர்ந்து நின்றது. கறுத்து, உருண்டு, பாதி மண்ணுக்குள் புதைந்த கல். உச்சியில் தடிப்பாய்ச் சந்தனம், அதில் குங்குமம், அதற்குமேல் ஒரு செவ்வரத்தம்பூ. முன்னால் சாம்பிராணிக் குச்சி பாதி எரிந்து நின்றது.

"அண்ணி, இது எப்ப வந்தது?" சித்தப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கென்ன தெரியும். விடியக் கூட்டேக்குள்ள கண்டனான்" என்றாள் அம்மா.

"வைரவர் எல்லோ வந்திருக்கிறார்!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தியிலிருந்து எங்கள் படலைக்கு எவ்வளவு தூரம்! என் சொல்லுக்காக அவ்வளவு தூரம் எழும்பி வந்திருக்கிறாரே என்று நன்றியில் கண் கலங்கிவிட்டது. சத்தம் கேட்டு ரீச்சரும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று இருமல் வந்து, முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டார்.

"வந்திருக்கிறவர எழுப்புறதா புள்ள? இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இருமல் அடங்கியதும்.

"உங்கட பக்கக் கொப்பு இருக்கேலாது ரீச்சர். அது ஆபத்து" என்றாள் அம்மா.

"என்னாலை ஏலாது அண்ணி. நாளைக்கு நான் கடலுக்குப் போகோணும்" என்று சித்தப்பா செயின்சோவை நிலத்தில் வைத்துவிட்டார். கடலில் எந்தக் காற்றுக்கும் அசையாத மனிதர் அவர்.

அம்மா உள்ளே போய்க் கற்பூரம் கொண்டு வந்தாள். கல்லின் முன்னால் கொளுத்திவிட்டுச் சற்று நேரம் கண்ணை மூடி நின்றாள். திரும்பி வந்து, "ரீச்சரின்ர பக்கத்தை வெட்டலாம். எங்கட பக்கத்திலை கை வைக்கேலாது" என்று தீர்ப்புச் சொன்னாள். வைரவரின் மனது அம்மாவுக்கு இவ்வளவு தெளிவாய் விளங்கியது எனக்குப் பெருமையாக இருந்தது. ரீச்சரின் பக்கம் இளகிய வைரவர் எங்கள் பக்கம் மட்டும் ஏன் பிடிவாதமாக நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

வெட்டியது அம்மாதான். அலுமாரியிலிருந்து அப்பாவின் நீளக்கைச் சேட்டை எடுத்துப் போட்டாள். அப்பாவின் பழைய காற்சட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டினாள். ஹெல்மெற், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, மதிலோரம் தண்ணித் தாங்கி வைக்கக் கட்டியிருந்த சீமெந்து மேடையில் ஏறினாள். சித்தப்பா கொப்பில் கயிறு கட்டி எங்கள் வளவுப் பக்கமாக இழுத்துப் பிடித்தார். வைரவருக்கு முதுகு காட்டாமல் இழுப்பதற்கு அவர் பட்ட பாடு பெரும்பாடு. அம்மா முதலில் கொப்பின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் வெட்டினாள், பிறகு மேலிருந்து இறக்கினாள். இரண்டு கையும் மெசினை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வழியாக அப்பா சொன்னதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

நான் கிணற்றடியில் நின்று பின்னாலிருந்து பார்த்தேன். அப்பாவின் சேட். அப்பாவின் ஹெல்மெற். அந்த உறுமல். ஈரமரத்தூள் பறந்து வந்து என் முகத்தில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா வந்துவிட்டார் என்றே ஒரு கணம் நினைத்தேன். "அப்பா" என்று கூப்பிட்டும் விட்டேன். மெசின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

கொப்பு கயிற்றோடு இறங்கி எங்கள் வளவில் சாய்ந்தது. அம்மா மெசினை நிற்பாட்டினாள். சித்தப்பா கைதட்டினார், ரீச்சர் தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போனார். அம்மா மட்டும் மேடையிலேயே நின்றாள். ஹெல்மெற்றின் கண்ணாடியைத் தூக்கவில்லை. வெட்டி முடிந்த பிறகும் அதைப் போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்பது விசர் வேலை, உள்ளே வேர்த்துக் கொட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் நாங்கள் ஹோலில் பாய் போட்டுப் படுத்தோம். அறைக்குள் புழுக்கமாம். அறைக்கு மேலே அந்த மற்றக் கொப்பு வைரவரின் காவலில் நிம்மதியாய் நின்றது. வெள்ளிக்கிழமை என் நேர்த்திக்கு அம்மா உழுந்து ஊறப்போட்டு வடை சுட்டாள். உழுந்தையும் சம்பலையும் பிளெண்டரில்தான் அரைத்தாள். குழவி எங்கே என்று கேட்டதற்கு, அது உடைந்துபோயிற்று என்றாள். பிளெண்டர்ச் சம்பலில் தண்ணீர்தான் கூட. அந்த ஆண்டு முழுவதும் நான் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வேறு குழவி வாங்கினால் என்ன என்று எத்தனையோ தரம் நச்சரித்தும் அம்மா கேட்கவில்லை. பின்னேரங்களில் கல்லுக்குப் பூ வைக்க மட்டும் மறக்கமாட்டாள். இவ்வளவு பக்தி அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று சித்தப்பாவே வியந்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சடங்கும் நிற்கவில்லை. மரத்தடியில் நடந்ததை அம்மா அப்பாவுக்கு இவ்வளவுதான் சொன்னாள்: "ரீச்சரின்ர பக்கக் கொப்பை வெட்டியாச்சு. மற்றது நிக்குது. நீங்கள் வந்துதான் வெட்டோணும்." வைரவரைப் பற்றி நான்தான் போனைப் பறித்து விலாவாரியாகச் சொன்னேன். "அப்பிடியே" என்று அப்பா சிரித்தார். நான் சொன்னதை அவர் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல்முறை.

மாரி முடிந்து, வாகை இலைகளை உதிர்த்து, நெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு சலசலத்த நாட்களில் அப்பா வந்தார். விடியப்புறம் வந்து இறங்கியவருக்கு முகம் கழுவக்கூட நான் நேரம் கொடுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். படலையடியில் இரண்டு மான்கள் நெற்றுப் பொறுக்கிக்கொண்டு நின்றன. குசினிக்குள் அம்மா பிளெண்டரில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு இன்னும் இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. "வந்திட்டியளே" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனவள்தான்.

"இவர்தான் வைரவர், அப்பா. நான் கேட்டுத்தான் வந்தவர். இவர் இல்லாட்டி சித்தப்பா முழுசா வெட்டியிருப்பார்" என்று கல்லைக் காட்டினேன்.

அப்பா குந்தியிருந்து பார்த்தார். காய்ந்துபோயிருந்த பூவை எடுத்து ஒருபக்கம் வைத்தார். உச்சியிலிருந்த சந்தனத்தைப் பெருவிரலால் மெல்லத் துடைத்தார். சாமியைத் தொடாதீர்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சந்தனத்துக்குக் கீழே, கல்லின் முனையில், நகத்தளவு சில்லு தெறித்த ஒரு வடு இருந்தது. அப்பாவின் விரல் அந்த வடுவில் போய் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிளெண்டர் தேவைக்கு மிஞ்சிய நேரமாய்ச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு செவ்வரத்தை மரத்தில் புதிதாய் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வந்து, அந்த வடுவை மூடி வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்பாவும் இவ்வளவு பக்தியாய்க் கும்பிடுகிறாரே என்று நினைத்து, நானும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். வைரவரே, அடுத்த லீவுக்கும் இந்தக் கொப்பு வேண்டும், அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது அப்பா பக்கத்தில் இல்லை. குசினிக் கதவு பாதி சாத்தியிருந்தது. பிளெண்டர் சத்தம் பாதியில் நின்று போயிருந்தது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன்.